கடைசிப் பதினாறு நிமிடம்

நேற்றிரவு பத்து மணிக்கு முன்னரே அது முடிந்துவிட்டது. குவீன்ஸ்லாந்தில் எங்கோ ஒரு மைதானத்தில் விளக்குகளை அணைத்து, புல்லுக்குத் தண்ணீரும் விட்டிருப்பார்கள். இந்த மெல்பேர்ணில் எல்லோருக்கும் முடிவு தெரியும். அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரியும், குசினியில் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருக்கும் என் மனைவி சுகிர்தாவுக்குத் தெரியும், பாண் சுடும் பக்டரியில் என்னோடு இரவு வேலை செய்யும் முப்பது பேருக்கும் தெரியும். எனக்கும் என் சிநேகிதன் கார்மெனுவுக்கும் மட்டும் தெரியாது. நான் சோபாவில் இருக்கிறேன், அவன் ஆஸ்பத்திரியில் மூக்கில் ஒக்சிஜனோடு கிடக்கிறான். மூன்று மணிக்கு அவனுடைய மகள் ரீட்டா என்னை அழைத்து ஆஸ்பத்திரி லைனோடு சேர்த்துவிடுவாள், அங்கே தாதி ஒருத்தி போனை அவன் காதில் வைத்துப் பிடிப்பாள், நான் ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். அது முடிய அவனை மயக்கத்தில் போட்டுத் தொண்டைக்குள் குழாய் விடப்போகிறார்கள். எழும்புவானா என்று ரீட்டாவிடம் கேட்டேன். பாதிக்குப் பாதி என்று டொக்டர் சொன்னாராம். பாதிக்குப் பாதி என்றால் என்ன, ஒரு ஆளில் எந்தப் பாதி. வேலை முடிந்து காலை நாலரைக்கு வீட்டுக்கு வந்தேன், அப்போதே ரீவியைப் போட்டு ஆட்டத்தைப் பார்த்து முடித்திருக்கலாம், பெட்டி தன் பாட்டில் பதிவு செய்து வைத்திருக்கிறது. ஏலவில்லை. படுத்தேன், எழும்பினேன், முகம் கழுவினேன், திரும்பவும் படுத்தேன். பார்த்து முடித்துவிட்டால் மூன்று மணிக்கும் எனக்கும் நடுவில் ஒன்றும் இருக்காது என்று ஒரு பயம். இப்போது ஒன்று பத்து. இனியும் தள்ள நேரமில்லை. ரிமோட்டை அழுத்தினேன், ஆட்கள் இல்லாத மைதானத்துக்கு ரீவிக்காரர்கள் சேர்த்துவிட்ட பொய்க் கூச்சல் அறைக்குள் வந்தது.

எங்களுடைய அவுஸ்திரேலியக் கால்பந்துக் கழகத்துக்குப் பெயர் சோல்ட்வோட்டர் பெலிக்கன்ஸ், கூழைக்கடாக்கள். கருநீலமும் கடுகு மஞ்சளும். பதினான்கு வருடங்களுக்கு முன்பு எனக்கு அந்தப் பெயரும் தெரியாது, முட்டை வடிவப் பந்தை எதற்காக இத்தனை பேர் துரத்துகிறார்கள் என்றும் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை, பாண் பெட்டிகளை லொறிக்கு ஏற்றுகிற பக்கம் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஃபோர்க்லிஃப்டை நடுவழியில் நிறுத்திவிட்டு ஒரு மனிதன் இறங்கி வந்தான், மால்டாக்காரன், கழுத்தே இல்லை, தலை நேரே தோளில் இருந்தது. ரேடியோவின் வயரைப் பிடுங்கினான். "இஞ்ச ஒருத்தனும் ஸ்கோர் சொல்லக் கூடாது. சொல்லுறவனைப் பாணோடை சேர்த்து வெட்டுற மெசினுக்குள்ளை விடுவன்." அவன் சொன்னது ஆங்கிலத்தில், ஆனால் கார்மெனு பேசியது எல்லாமே என் மண்டைக்குள் எங்கட தமிழில்தான் இருக்கிறது, அவன் ஒவ்வொரு தரமும் சொல்கிற மேட் எனக்கு மச்சான் என்றே கேட்கும். பிறகு என்னைப் பார்த்தான். "நீ எந்தக் கழகம்?" ஒன்றுமில்லை என்றேன். "ஒண்டுமில்லையோ? அப்ப நீ பெலிக்கன். நாளைக்குக் காலமை வீட்டை வா." போனேன். வேலை முடிந்த கண்ணெரிவோடு, அவன் மனைவி சுட்ட சீஸ் பற்றிஸைத் தின்றுகொண்டு, முதல் நாள் இரவு ஊரெல்லாம் பார்த்து மறந்துவிட்ட ஆட்டத்தை நாங்கள் இருவரும் அப்போதுதான் நடக்கிறது போலப் பார்த்தோம். அன்றைக்குத் தொடங்கியது. இரவு வேலைக்காரர்களுக்கு உலகம் எப்போதும் ஒரு நாள் பிந்தித்தான் வரும், அதை வெட்கப்படாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று அவன் கண்டுபிடித்து வைத்திருந்தான். பக்டரி முழுக்க அதற்குக் கட்டுப்பட்டது. சுப்பர்வைசர்கூட. பதினான்கு வருடமாக முப்பது பேர் எங்களுக்காக வாயைப் பொத்திக்கொண்டு வேலை செய்திருக்கிறார்கள். என் ஆங்கிலத்தில் பாதி ஆட்டத்தை வர்ணிக்கிறவர்களிடம் கற்றது, பல் டொக்டரிடம் போய் இடது பக்கம் அழுத்தத்தில் இருக்கிறது என்று சொன்னவன் நான். தோற்கிற ஆட்டத்தை அவன் ஒருநாளும் வேகமாக ஓட்டிப் பார்த்ததில்லை. நான் ஒருமுறை ரிமோட்டைத் தூக்கினேன், கையில் தட்டினான். "செத்தவீட்டுக்கு வந்து சாப்பாட்டுக்கு மட்டும் நிக்கிறவன்ரை வேலை அது." திரையில் எதிரணி மூன்றாவது கோலை அடித்துவிட்டார்கள். நடு இரண்டு கம்பத்துக்குள்ளால் உதைத்தால் ஆறு புள்ளி, பக்கத்தால் போனால் ஒன்று. எங்களுக்கு ஒரே ஒரு ஆறும் இரண்டு ஒன்றும். முதல் கால்பகுதி இப்படித்தான், இந்த வருடம் முழுக்க இப்படித்தான்.

போன வருடம் அரை இறுதி வரை போனவர்கள். மார்ச் மாதம் எல்லாப் பேப்பர்க்காரரும் கிண்ணம் இவர்களுக்குத்தான் என்று எழுதினார்கள். கார்மெனு வெட்டி வைத்திருந்தான், வெட்டியதை மடித்துப் பேர்ஸில் வைத்திருந்தான். பிறகு கொரோனா நோய் வந்தது. ஒரு ஆட்டம், நிறுத்தம், இரண்டரை மாதம், திரும்பவும் தொடக்கம். ஜூலையில் மெல்பேர்ணில் நோய் ஏறியபோது ஒரே நாளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு குவீன்ஸ்லாந்துக்குப் பறந்தார்கள், அதற்குப் பிறகு வீடு இல்லை, ஹொட்டேல், பஸ், மைதானம், ஹொட்டேல். தலைவனின் முழங்கால் போனது. உயரமான இருவர் மனம் சரியில்லை என்று திரும்பி வந்தார்கள், யாரும் குறை சொல்லவில்லை. பதினாறு ஆட்டத்தில் இரண்டு வெற்றி. கால்பகுதி இருபது நிமிடம் இல்லை, பதினாறாகக் குறைத்துவிட்டார்கள், குறைத்தும் தோற்கிறீர்களே என்று வினேஷ் சிரிப்பான், ஃபீஜிக்காரன், பாண் வெட்டுகிற மெசினில் நிற்பவன், இன்றைக்கு இந்தத் திரையில் எங்களை அடித்துக்கொண்டிருக்கும் கழகத்தின் ஆள். சிரிக்கட்டும். நான் இவர்களைப் பார்த்து வெட்கப்படவில்லை, ஒருநாளும் இந்த வருடத்தைப் போல இவர்களை நான் விரும்பியதில்லை. பாருங்கள் அந்த முப்பத்தோராம் இலக்கத்தை. ஹாமிஷ் டோக்கெட். பின்வரிசைக் காவல்காரன், குள்ளன், முப்பத்து மூன்று வயது, காது ஒன்று பிய்ந்து தைத்தது. புதன்கிழமை இரண்டு வரி எழுதி அறிவித்தான், இதுதான் கடைசி ஆட்டம் என்று. இருநூற்றுப் பதினாலாவது ஆட்டம், இதுவரை ஒரு கோல்கூட அடித்தது இல்லை. ஒன்றுகூட. அவன் வேலை அதில்லை, மற்றவன் அடிக்காமல் பார்ப்பதுதான் அவன் வேலை. மெல்பேர்ணில் அவனுக்கு மூன்று மாதப் பிள்ளை, பிறந்து ஒன்பதாம் நாள் விட்டுவிட்டுப் போனவன். வழக்கமான வருடமென்றால் ஓய்வு பெறுகிறவனை இரண்டு பேர் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வருவார்கள், நாற்பதாயிரம் பேர் எழும்பி நிற்பார்கள், நானும் கார்மெனுவும் வேலைக்கு உடம்பு வருத்தமென்று சொல்லிவிட்டுப் போய் நின்றிருப்போம். இப்போது தெரியாத ஊரில், வேலிக்கு அந்தப் பக்கம் நானூறு ஐந்நூறு பேர், மிச்சத்துக்குப் பொய்க் கூச்சல். ஆனாலும் பந்து வருகிறது, தன்னைவிட ஒரு அடி உயரமானவனின் முதுகில் ஏறி முஷ்டியால் குத்தி வெளியே தள்ளுகிறான், விழுகிறான், எழும்புகிறான், உடனே அடுத்தவனைத் தேடி ஓடுகிறான். இந்த ஆட்டத்தில் வென்றால் ஒன்றும் கிடைக்காது, தோற்றால் ஒன்றும் போகாது, கடைசிக்கு முந்திய இடம் கடைசிக்கு முந்திய இடம்தான். பிறகு ஏன் அப்படி ஓடுகிறான். காலையில் வீட்டுக்கு வரும் வழியில் மறித்த அந்தப் பொலிஸ்காரன் என்னத்தைச் சொல்ல வந்தான்? ஊரடங்கு நேரம், நான் வேலை அனுமதிக் கடிதத்தை ஜன்னலில் பிடித்தேன், அவன் டோர்ச் அடித்துப் பின் சீற்றில் கிடந்த கருநீலச் சால்வையைப் பார்த்தான், "ஆ, பெலிக்கனோ, ராத்திரி..." என்று தொடங்கினான், நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு "சொல்லாதையுங்கோ, சொல்லாதையுங்கோ" என்று கத்தினேன், தமிழில்தான் கத்தியிருக்கிறேன். அவன் இரண்டடி பின்னுக்குப் போனான். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது, புருவம் உயர்ந்திருந்தது. புருவம் உயர்ந்தால் நல்லதா? ஆச்சரியம் என்றால் வென்றிருக்க வேண்டும். அல்லது இரக்கத்துக்கும் புருவம் உயரும். அல்லது பைத்தியக்காரனைக் கண்டாலும் உயரும். ரீட்டாவும் நேற்றுப் பாதிக்குப் பாதி என்று சொன்னபோது வீடியோவில் புருவத்தை உயர்த்தித்தான் சொன்னாள்.

இரண்டாவது கால்பகுதி. என்னால் பந்தைப் பின்தொடர முடியவில்லை, பந்து வந்து வந்து ஆஸ்பத்திரிக்குள் போகிறது. பன்னிரண்டு நாளைக்கு முன்பு சாப்பாட்டு நேரத்தில் கார்மெனு என் சம்பலை மணந்து பார்த்துவிட்டு, "உன்ரை மனுசி இதுக்குள்ளை ஒண்டும் போடேல்லையோ" என்றான். நான் சிரித்தேன். இரண்டு மீற்றர் தள்ளியிருந்த மேசையில் இருந்து சிரித்தேன். அடுத்த நாள் அவன் வரவில்லை. எங்கள் எல்லோருக்கும் மூக்குக்குள் குச்சி விட்டார்கள், எனக்கு இரண்டு முறையும் இல்லை என்று வந்தது, ஏன் எனக்கு இல்லை என்று வந்தது. அவனுக்கு ஐம்பத்தெட்டு. என்னைவிட ஆறு வயது கூட. இதோ பந்து உயர வருகிறது, எங்கள் பெடியன் எட்டிப் பிடிக்கிறான், சுத்தமாகப் பிடித்தால் நின்று உதைக்கலாம், உதைக்கிறான், பக்கத்தால் போகிறது, ஒன்று. பக்கத்தில் சோபாவில் குப்புறக் கிடந்த போன் அதிர்ந்தது. திருப்பினேன். மேல்பாதி முழுக்க மாஸ்கிங் ரேப். கழகத்தின் செயலியை அழித்த பிறகும் எங்கிருந்தோ ஸ்கோர் குதித்து வருகிறது என்று சுகிர்தாதான் நேற்று ஒட்டிவிட்டாள், கீழே எடுக்கிற பச்சைப் புள்ளி மட்டும் தெரியும், யார் அழைப்பது என்று தெரியாது. நேரம் இரண்டு ஆகவில்லை. ரீட்டா மூன்றுக்குத்தான். அப்படியென்றால் இது வினேஷ். காலையில் கையுறையைக் கழற்றும்போது சொன்னவன், "நாளைக்கு உன்னோடை கதைக்கக் கனக்க இருக்கு, தவா" என்று, கண்ணைச் சிமிட்டி. போன வருடம் எங்களை இவர்கள் அடித்தபோதும் நான் பார்த்து முடிப்பதற்கு முன்னரே எடுத்து வர்ணனை செய்தவன், அதற்காகக் கார்மெனுவிடம் அடி வாங்கப் பார்த்தவன். எடுக்க மாட்டேன். குஷனைத் தூக்கிப் போனுக்கு மேல் வைத்தேன். அது குஷனுக்கு அடியில் முனகி அடங்கியது. திரும்பவும் முனகியது. வெட்கமில்லாதவன். அடங்கியது. எதிரணி இன்னொரு கோல். டோக்கெட் கையைத் தட்டித் தன் ஆட்களை எழுப்பிக்கொண்டிருக்கிறான், வா வா என்று, நூறு தரம் தோற்றவன் முதல் வருடம் தோற்கிறவர்களைத் தட்டி எழுப்புகிறான்.

"என்னப்பா, போனை ஏன் எடுக்கேல்லை?" சுகிர்தா அகப்பைக்காம்போடு வாசலில் நிற்கிறாள், மற்றக் கையில் அவளுடைய போன். "வினேஷ் எண்டு நினைச்சன்." "ரீட்டா! ரெண்டு தரம் எடுத்துப் பாத்திட்டு எனக்கு எடுத்தவ. அவருக்கு மூச்சு இன்னும் கூடாமப் போட்டுதாம், மூண்டு மணி வரைக்கும் வச்சிருக்கேலாதாம், இப்பவே செய்யப் போகினமாம்." நான் அவளுடைய போனைக் காட்டினேன். "எடும், இப்ப எடும்." "எடுத்தனான். தாதி போனைக் கீழை வச்சிட்டு ஆயத்தம் செய்யப் போட்டாவாம். இன்னொருக்காக் கேட்டுப் பாக்கிறனெண்டு பிள்ளை அழுதுகொண்டு சொன்னவ." நான் குஷனை வீசினேன். குஷன் போய் சாமிப்பட மேசையில் பட்டது. அவன் அந்தக் கட்டிலில் காதை நீட்டிக்கொண்டு கிடந்திருப்பான், மணி அடித்து அடித்து அடங்குவதைக் கேட்டிருப்பான், தவா எடுக்கவில்லை என்று நினைத்திருப்பான், தவா நித்திரை, தவாவுக்கு இரவு வேலை, பாவம் என்று நினைத்திருப்பான், அவன் அப்படித்தான் நினைப்பான், அதுதான் தாங்க முடியாதது. ஸ்கோரிலிருந்து ஒளிக்கிறேன் என்று அவனிடமிருந்து ஒளித்துவிட்டேன். போனில் ஒட்டிய ரேப்பைப் பிய்க்கப் போனேன். சுகிர்தா கையைப் பிடித்தாள். "விடுங்கோ. அதிலை எல்லாம் வந்து நிக்குது. நான் வச்சிருக்கிறன், அடிச்சா நான் பாத்துத் தாறன்." சோபாவில் என் பக்கத்தில் இருந்தாள், ரேப்பை உரித்து, திரையைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஆட்டத்தை நிறுத்தவா, விடவா. "எவ்வளவு கிடக்கு?" என்றாள். பாதிதான் முடிந்திருக்கிறது என்றேன். அவள் மெல்லக் கேட்டாள், "நான் சொல்லட்டோ?"

அவளுக்குத் தெரியும். நேற்று இரவு செய்தியில் பார்த்திருப்பாள். பதினான்கு வருடம் இந்த முகத்தை நான் கிழமைக்குக் கிழமை பார்த்திருக்கிறேன், ஒரு தரமாவது, ஒரு கண்ணிமையாவது அதைக் காட்டிக் கொடுத்ததில்லை. பந்து என்றால் என்ன என்று கேட்கிறவள், எங்களுடைய இந்தப் பைத்தியத்தை ஒரு விரதம் போல எனக்காகப் பிடித்திருக்கிறாள். சொல்லும் என்றால் சொல்லிவிடுவாள், இரண்டு எண், நான் அதைப் போனில் அவனுக்குச் சொல்லலாம், அவன் வெறுங்காதோடு போக வேண்டியதில்லை. அல்லது ரிமோட்டில் இந்தப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் பத்துச் செக்கனில் கடைசிக்குப் போய்விடலாம். பெருவிரல் அதற்கு மேலேதான் இருக்கிறது. ஆனால் அவன் கேட்கப்போவது எண்ணையல்ல. காற்று எந்தப் பக்கம், முதல் பந்தை யார் எடுத்தான், நடுவர் எத்தனை தரம் பிழை விட்டார், டோக்கெட் எத்தனை தரம் விழுந்தான். அதைப் பார்க்காமல் எதைச் சொல்வது. நான் நடு இடைவேளையை மட்டும் தள்ளிவிட்டு மூன்றாவது கால்பகுதியை விட்டேன். "வேண்டாம்," என்றேன், "பாப்பம்." அவள் தலையாட்டினாள். இருவரும் பார்த்தோம். அவளுக்கு முடிவு தெரிந்த ஆட்டத்தை அவள் என்னோடு பார்த்தாள். பனி இறங்கிப் பந்து சவர்க்காரம் போல வழுக்குகிறது, பிடிக்கிறவன் கையிலிருந்து பிதுங்கி ஓடுகிறது. பதினேழு புள்ளி பின்னால் நிற்கிறோம், பின்னால் நிற்கிறவர்கள் மாதிரியே ஓடவில்லை. ஒரு பெடியன், பத்தொன்பது வயது, இந்த வருடம் வேறு ஆள் இல்லாததால் மட்டும் உள்ளே வந்தவன், நிலத்தோடு நிலமாய்ப் பாய்ந்து பந்தை எடுத்து, இரண்டு பேரின் காலுக்குள்ளால் கையால் தட்டிக் கொடுத்து, அதை வாங்கியவன் ஓடிக்கொண்டே உதைக்கிறான், கோல். சுகிர்தா "ஐயோ" என்றாள். நல்ல ஐயோவா என்று அவள் முகத்தைப் பார்த்தேன், சுவர். போன் அடிக்கவில்லை. இப்போது என்ன செய்வார்கள், மருந்தைக் கையில் ஏற்றுவார்களா, முதலில் கண்ணை மூடச் சொல்வார்களா, பத்திலிருந்து எண்ணச் சொல்வார்களா. அவனுக்கு மால்டா மொழியில்தான் எண்ண வரும், ஃபோர்க்லிஃப்டில் பெட்டியை அப்படித்தான் எண்ணுவான். பக்கத்தால் ஒன்று. பக்கத்தால் இன்னொன்று. கோல் மாதிரிப் போய்க் கம்பத்தில் பட்டு ஒன்று. எதிரணி திடீரென்று அங்கே போய் இரண்டு கோல் அடித்துவிட்டு வருகிறார்கள், அவ்வளவு ஓட்டமும் வீணா, இல்லை, எங்கள் ஆட்கள் தலையைக் குனியவில்லை, ஒருவனும் குனியவில்லை, திரும்பவும் அந்தப் பத்தொன்பது வயதுக்காரன், கோல். போனே, அடி. ஒரு தரம் அடி. நான் எடுக்காத அந்த இரண்டு தரத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு தரம். மணி அடித்தது, போனில்லை, மைதானத்து மணி. மூன்றாவது கால்பகுதி முடிந்தது. நாற்பத்தாறுக்கு முப்பத்திரண்டு. பதினாலு புள்ளி பின்னால். எல்லோரும் கூடித் தோளில் கை போட்டு நிற்கிறார்கள், பயிற்றுநர் வாய் ஓயாமல் ஏதோ சொல்கிறார், டோக்கெட்டின் மார்பில் விரலால் குத்துகிறார், பிறகு அந்த விரலை நீட்டி மைதானத்தின் மறு கோடியைக் காட்டுகிறார். டோக்கெட் திரும்பிப் பார்க்கிறான், தன்னையா என்பது போல. வர்ணனையாளர் கத்துகிறார், டோக்கெட்டை முன்வரிசைக்கு அனுப்புகிறார்கள், இருநூற்றுப் பதினாலாவது ஆட்டத்தில் கோல் வாசலுக்கு அனுப்புகிறார்கள். அப்போது சுகிர்தாவின் நெஞ்சில் போன் அடித்தது. நான் ரிமோட்டை அழுத்தி நிறுத்தினேன்.

"தவாவா? நான் கார்மெனுவின் தாதி. இரண்டு நிமிடம்தான் தரலாம்." முகக்கவசத்துக்குள்ளிருந்து வருகிற குரல், அதற்குப் பின்னால் காற்று பீறிடுகிற சத்தம், அருவி மாதிரி. "எடுக்காம விட்டிட்டன், மன்னிச்சுக்கொள், வினேஷ் எண்டு..." என்று நான் தொடங்கினேன். "தெரியும்," என்றான் கார்மெனு. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஏணிப்படி ஏறுகிறவன் மாதிரி. "நானும்... எடுத்திருக்க மாட்டன். சொல்லு." சொன்னேன். பனி, வழுக்கல், முதல் கால்பகுதியின் மூன்று கோல், நடுவர் காணாமல் விட்ட தள்ளு, பத்தொன்பது வயதுக்காரனின் பாய்ச்சல். எனக்கு இப்படிப் பேச வரும் என்று எனக்கே தெரியாது. "டோக்கெட்?" "ஒன்பது தரம் முஷ்டியாலை குத்தி வெளியிலை விட்டவன். அவன் பிடிச்சு நிண்ட ஆள் ஒரு கோல்கூட அடிக்கேல்லை." "ஓ." அந்த ஓவில் அவ்வளவு நிறைவு. "எத்தினையாலை... பின்னுக்கு?" "பதினாலு. மூண்டாவது முடிஞ்சுது. மச்சான், கேள், அவனை முன்னுக்கு அனுப்பியிருக்கினம்." அருவிச் சத்தம் மட்டும். பிறகு ஒரு உறுமல், சிரிப்பென்று எனக்குப் பிடிபட ஒரு நொடி ஆனது. "அந்தக்... குள்ளனையோ?" "அந்தக் குள்ளனைத்தான்." "அடிச்சவனோ?" "தெரியாது. நான் இன்னும் பாக்கேல்லை. அந்த இடத்திலைதான் நீ எடுத்தனி." "சத்தியமா?" "சத்தியமா." இருமினான், நீளமாக, தாதி ஏதோ சொன்னாள், அவன் இல்லை இல்லை என்றான். "அப்ப... பாக்காதை. விடு." "கார்மெனு, நான் பாத்து உடனை சொல்லுறன், பதினாறு நிமிசந்தானே, கேட்டுப் பாக்கிறன் அவையளிட்டை." "இல்லை. நான் எழும்பி... ரெண்டு பேருமா. பாத்தியெண்டா உன்ரை குரல்லை... எனக்குப் பிடிபடும்." ஓம் என்றேன். ஓம் மச்சான், பார்க்க மாட்டேன், நீ வா, உன் வீட்டில் பார்ப்போம் என்றேன், இன்னும் ஏதோ சொன்னேன், அதற்குள் தாதியின் குரல் வந்துவிட்டது. "நேரமாகிவிட்டது, தவா. நன்றி. கவலைப்படாதீர்கள், இங்கே யாரும் சொல்ல மாட்டோம். அவர் கதவில் கடதாசி ஒட்டி வைத்திருக்கிறோம், ஸ்கோர் சொல்லக் கூடாது என்று. எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன்." பன்னிரண்டு மணித்தியாலம் பிளாஸ்டிக் உடுப்புக்குள் நின்று, மூச்சுத் திணறுகிற முன்பின் தெரியாத ஒருவனுடைய விளையாட்டு முடிவைப் பொத்திப் பாதுகாக்கிறவள். நன்றி என்றேன். அவள் வைத்துவிட்டாள்.

சுகிர்தா போனை என் கையிலிருந்து எடுத்தாள். "எத்தினை நாளைக்காம்?" "பத்து நாளும் ஆகுமாம், கூடவும் ஆகுமாம். எழும்பினாத்தான்." அந்தக் கடைசிச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவள் அதைக் கேட்காதது போல, "அப்ப அதுவரைக்கும் உங்களுக்குத் தெரியக் கூடாது," என்றாள், ஊர்ப் பயணத்துக்குப் பெட்டி அடுக்குகிற குரலில். "பக்டரியிலை?" "சொல்ல வேணும்." "வினேஷுக்கு நான் எடுத்துச் சொல்லுறன். நீங்கள் சொன்னாப் பகிடி விடுவான், நான் சொன்னாக் கேப்பான்." எழும்பிக் குசினிக்குப் போனாள், போகும்போது ஒரு தரம்கூட ரீவிப் பக்கம் திரும்பவில்லை, அவள் முதுகிலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நான் ரிமோட்டோடு இருந்தேன். இந்த வேளை அவன் கையில் மருந்து ஏறும். எண்ணத் தொடங்கியிருப்பான். இப்போது அழுத்தினால் யாருக்குத் தெரியும், பத்து நாள் என்றால் ஒரு குரலைப் பழக்கி எடுத்துவிடலாமே, அவன் எழும்பாவிட்டால் யாருக்காக வைத்திருந்தேன் என்று ஆகிவிடுமே. அந்த எண்ணத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். விரலை எடுத்தேன். திரையில் மற்றவர்கள் எல்லோரும் கூட்டமாய் நிற்கிறார்கள், டோக்கெட் ஒருவன்தான் தனியே, முப்பத்தோராம் இலக்க முதுகைக் காட்டிக்கொண்டு, பதின்மூன்று வருடத்தில் ஒருநாளும் போய் நிற்காத அந்தக் கோடியைப் பார்த்து ஓடத் தொடங்கியிருக்கிறான். நான் நிறுத்திய இடத்தில் அவனுடைய வலது கால் நிலத்திலிருந்து எழும்பியிருக்கிறது, இன்னும் கீழே வைக்கவில்லை.